நான்காம் நாளும் பாட்டு கேட்க வேண்டுமே!

கேள்வி: எனக்கு வயது 24. வரும் ஜூலையில் தோழிகள் மூவருடன் பெல்ஜியத்தில் நடக்கும் ராக் வெர்க்டர் இசை விழாவுக்குப் போகிறேன். நான்கு நாளும் மைதானத்துக்கு அருகிலேயே கூடாரத்தில் தங்குகிறோம். டிக்கெட், விசா எல்லாம் தயார். போன ஆண்டு ஒரு திறந்தவெளிக் கச்சேரியில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் மூன்று மணி நேரம் நின்றேன். வீடு திரும்பியபோது இரண்டு காதிலும் 'கொய்ங்' என்று சத்தம். மற்றவர்கள் பேசுவது சுவருக்கு அப்பாலிருந்து கேட்பதுபோல இருந்தது. இரண்டு நாளில் தானாகவே சரியாகிவிட்டது. இப்போது ஒரு குறையும் இல்லை. ஆனால் அம்மா அதைச் சொல்லிச் சொல்லி, "போகவே வேண்டாம்" என்கிறார். காதடைப்பான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், "அவ்வளவு தூரம் போய்க் காதை மூடிக்கொள்ளவா?" என்று தோழிகள் சிரிக்கிறார்கள். கொஞ்சம் பஞ்சு வைத்தால் போதாதா? என்ன செய்யட்டும், டாக்டர்?

— ஒரு வாசகி

பதில்: போய் வாருங்கள். மற்றதையெல்லாம் பேசுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் தடுக்கப்போகிறேன் என்ற எண்ணத்துடனேயே படிப்பீர்கள். உங்கள் அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்குத் தீர்வு பயணத்தை விட்டுவிடுவது அல்ல.

"இரண்டு நாளில் தானாகவே சரியாகிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். காது, மூக்கு, தொண்டை மருத்துவனாக நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. சொல்பவர்கள் நிம்மதியோடு சொல்கிறார்கள். எனக்கு அந்த நிம்மதி வருவதில்லை, ஏனென்றால் அந்த இரண்டு நாள் சத்தம் உங்கள் உள்காதில் பட்ட காயத்தின் அடையாளம். காலில் அடிபட்டு இரண்டு நாள் நொண்டியிருந்தால் அதை மறந்திருக்க மாட்டீர்கள். காதில் வலி இல்லை, இரத்தம் இல்லை, அதனால் மறந்துவிட்டது.

உள்ளே நடந்ததைச் சொல்கிறேன். உள்காதில் நத்தையின் கூடுபோலச் சுருண்ட ஒரு குழல் இருக்கிறது. அதற்குள் ஒவ்வொரு காதுக்கும் சுமார் 15,000 முடி செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒலி அலை வந்தால் அவற்றின் நுனி அசையும், அந்த அசைவுதான் நரம்பின் வழியாக மூளைக்குப் போகிறது. பிறக்கும்போது இருப்பவை அவ்வளவுதான். பறவைகளுக்கு அழிந்த முடி செல்கள் திரும்ப முளைக்கின்றன, நமக்கு முளைப்பதில்லை. பெருங்காற்றில் நெற்பயிர் சாய்வதைப்போல, பெரும் சத்தத்தில் இவை சோர்ந்து சாய்கின்றன. காற்று நின்றால் பயிர் நிமிரும். நிமிர்வதற்குள் அடுத்த காற்று, அதற்கடுத்த காற்று என்று வந்தால் ஒடிந்துவிடும். போன ஆண்டு உங்களுக்கு ஒரே ஒரு மாலைதான் காற்றடித்தது. இந்த முறை நான்கு நாள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2009-இல் ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளைப் பெரும் சத்தத்தில் இரண்டு மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். சில நாட்களில் அவற்றின் கேட்புத்திறன் பழைய அளவுக்குத் திரும்பியது, முடி செல்களும் பிழைத்திருந்தன. ஆனால் அந்தச் செல்களை நரம்போடு இணைக்கும் முனைகளில் சில இடங்களில் பாதிவரை நிரந்தரமாகப் போய்விட்டிருந்தது. எலிக்கு நடந்தது அப்படியே உங்களுக்கும் நடந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. 'சத்தம் நின்றுவிட்டது, அதனால் சேதம் ஒன்றுமில்லை' என்ற கணக்கை மட்டும் அந்த ஆய்வுக்குப் பிறகு எந்தக் காது மருத்துவராலும் நம்ப முடிவதில்லை.

இனி உங்கள் நான்கு நாளின் கணக்கைப் பார்ப்போம். ஒலியின் அளவு டெசிபெல். தொழிலாளர் பாதுகாப்புக்காக அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வகுத்த வரம்பு, 85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும்: 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, 94-க்கு 1 மணி, 97-க்கு அரை மணி. 100 டெசிபெலில் கால் மணி நேரத்திலேயே ஒரு நாளின் பங்கு தீர்ந்துவிடும்.

வெர்க்டர் இருக்கும் பிளாண்டர்ஸ் பகுதியில் 2013 முதல் சட்டமே இருக்கிறது. இசை நிகழ்ச்சியின் ஒரு மணி நேரச் சராசரி 100 டெசிபெலைத் தாண்டக் கூடாது; 95-ஐத் தாண்டும் நிகழ்ச்சி என்றால் வருகிறவர்களுக்குக் காதடைப்பானை இலவசமாகத் தர வேண்டும். நல்ல சட்டம். உலக சுகாதார நிறுவனமும் 2022-இல் இதே 100-ஐத்தான், 15 நிமிடச் சராசரியாக, இசை அரங்குகளுக்கு உச்ச வரம்பாகச் சொன்னது. ஆனால் அந்த 100 பெரும்பாலும் ஒலிக்கலவை மேசை இருக்கும் இடத்தில் அளக்கப்படுவது. அங்கிருந்து மேடையை நோக்கி நடந்தால் அளவு ஏறிக்கொண்டே போகும். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் மூன்று மணி நேரம் நின்றதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் எந்தச் சட்டமும் உங்கள் காதைக் காக்காது.

சட்டப்படியான 100-லேயே ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் பாட்டு கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது 24 நாளின் பங்கு. நான்கு நாளில் 96. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே ஓய்வு இருக்கும், எல்லா நேரமும் 100 இருக்காது என்பதெல்லாம் உண்மை. வரம்பும் ஆயுள் முழுக்கத் தினமும் வேலை செய்கிறவர்களுக்காக வகுக்கப்பட்டதுதான். இவற்றையெல்லாம் தாராளமாகக் கழித்தாலும், ஏற்கனவே ஒருமுறை எச்சரிக்கை கொடுத்த காதுகளுக்கு இது மிக அதிகம்.

இப்போது அதே கணக்கைக் காதடைப்பானோடு போடுங்கள். சரியாகப் பொருந்திய ஒன்று 15 டெசிபெல் குறைத்தால், 100 என்பது காதுக்குள் 85 ஆகிறது. கால் மணி நேரமாக இருந்த பங்கு 8 மணி நேரமாக நீள்கிறது. விரல் நுனி அளவுள்ள ஒரு பொருள் செய்யும் வேலை இது. என் தொழிலில் இவ்வளவு எளிதாக இவ்வளவு பெரிய பயன் தரும் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

ஏட்டுக் கணக்குதானே என்று தோழிகள் கேட்டால், நேரில் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். 2015 செப்டம்பரில் ஆம்ஸ்டர்டாமில் ஒரு திறந்தவெளி இசை விழாவுக்கு உட்ரெக்ட் நகர மருத்துவர்கள் 51 பேரை அழைத்துப்போனார்கள். குலுக்கல் முறையில் 25 பேருக்குக் காதடைப்பான், மற்ற 26 பேருக்கு இல்லை. நாலரை மணி நேரம், சராசரி 100 டெசிபெல். முடிந்த கையோடு கேட்புத்திறனைச் சோதித்தபோது, அடைப்பான் இல்லாத காதுகளில் நூற்றுக்கு 42 தற்காலிகமாக மந்தமாகியிருந்தன. அடைப்பான் வைத்த காதுகளில் நூற்றுக்கு 8. புதிதாகக் காது இரைச்சல் தொடங்கியவர்கள், அடைப்பான் இல்லாதவர்களில் நூற்றுக்கு 40, வைத்தவர்களில் 12. முழுப் பாதுகாப்பு இல்லைதான், ஆனாலும் வித்தியாசத்தைப் பாருங்கள். அதே 51 பேரின் விவரங்களை அந்த மருத்துவர்கள் பிறகு அலசியபோது, மது குடித்தவர்களின் காது கூடுதலாக மந்தமாகியிருந்ததும் தெரிந்தது.

பஞ்சைப் பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். பஞ்சும் காகிதக் கைக்குட்டையும் சில டெசிபெலுக்கு மேல் குறைப்பதில்லை. 'ஏதோ வைத்திருக்கிறோம்' என்ற தைரியத்தில் இன்னும் முன்னால் போய் நிற்க வைப்பதுதான் அவை செய்யும் கெடுதல். துணுக்குகள் உள்ளே தங்கி, அவற்றை எடுக்க என்னிடம் வருகிறவர்களும் உண்டு. பாட்டு கேட்கும் இயர்போனும் இதற்கு மாற்றாகாது.

உங்களுக்கு நான் சொல்வது, இசைக்கென்றே செய்யப்பட்ட வடிகட்டியுள்ள காதடைப்பான். மஞ்சள் நுரை அடைப்பான் கூர்மையான ஒலிகளை அதிகமாகவும் தடித்த ஒலிகளைக் குறைவாகவும் தடுப்பதால் பாட்டு போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல ஆகிவிடுகிறது. காதை மூடிக்கொள்வது என்றதும் உங்கள் தோழிகளுக்கு நினைவு வருவது அதுவாகத்தான் இருக்கும். இசைக்கான வகையில் உள்ள சிறு வடிகட்டி எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவில் தணிக்கிறது. ஒலி குறையும், பாட்டின் நிறம் மாறாது. கூச்சல் அடங்கிச் சொற்கள் தெளிவாகக் கேட்பதாகப் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள், நானும் அப்படித்தான் உணர்ந்திருக்கிறேன். ஐரோப்பாவில் விற்கும் பெட்டிகளில் எஸ்.என்.ஆர். என்று ஓர் எண் போட்டிருக்கும். எத்தனை டெசிபெல் குறையும் என்று ஆய்வுக்கூடத்தில் கிடைத்த அளவு அது. சரியாகப் பொருந்தாத காதில் அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். ஆகவே 20-ஐ ஒட்டிய எண்ணாகப் பார்த்து வாங்குங்கள். காதின் வார்ப்பெடுத்துச் செய்யும் அடைப்பான்தான் எல்லாவற்றிலும் மேலானது. ஆனால் அது கைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம். வேண்டுமென்றால் இந்த வாரமே செவித்திறன் நிபுணரைப் பாருங்கள்.

நுரை அடைப்பானும் சில ஜோடி பையில் இருக்கட்டும், இரவில் வேண்டியிருக்கும். அதை வைக்கும் முறையை வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். முதலில் கையைக் கழுவ வேண்டும். புல்லும் சேறுமான மைதானத்தில் இதை மறந்துதான் காதுக்குழலில் சீழ் பிடித்து வருகிறார்கள். அடைப்பானை விரல்களால் உருட்டி மெல்லிய குச்சிபோல ஆக்குங்கள். மற்றொரு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காதின் மேல்நுனியை மேலும் பின்னுமாக இழுத்தால், வளைந்த காதுக்குழல் நேராகும். உள்ளே செலுத்தி, அது விரிந்து நிரம்பும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். சரியாக உட்கார்ந்ததா என்று உங்கள் குரலே சொல்லும். தலைக்குள்ளிருந்து முழங்குவதுபோல் கேட்டால் சரி.

பலரும் தவறும் இடம் ஒன்று உண்டு. அடைப்பானை வைத்துக்கொள்வார்கள், பிடித்த பாட்டு வந்ததும் "இது ஒன்றுக்கு மட்டும்" என்று கழற்றிவிடுவார்கள். 100 டெசிபெலில் நடக்கும் நான்கு மணி நேரக் கச்சேரியில் அப்படிக் கழற்றிய நேரம் மொத்தம் 24 நிமிடம் என்று வையுங்கள். அடைப்பானோடு இருந்த மூன்றரை மணி நேரத்துக்கும் சேர்த்து நாளின் பங்கில் பாதிகூடச் செலவாகவில்லை. கழற்றிய 24 நிமிடத்தில் ஒன்றரை நாளுக்கும் மேற்பட்ட பங்கு போய்விட்டது. உங்களுக்கு மிகவும் பிடித்த பாட்டைத்தான் காது மிக அதிக விலை கொடுத்துக் கேட்டிருக்கும். தோழியோடு பேச வேண்டுமென்றால் கழற்றாதீர்கள், இருவருமாகப் பின்னால் நடந்து வந்து பேசுங்கள். கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால், அங்கே அடைப்பான் காதில் இருந்தாக வேண்டும். கைப்பேசிச் செயலியின் டெசிபெல் எண்ணைவிட இந்தச் சோதனை எளிது, அதற்கு மின்னேற்றமும் வேண்டாம்.

எங்கே நிற்பது? மேடைக்கு எதிரே, கூட்டத்தின் நடுவில், தடுப்பு வேலிக்குள் ஒரு பந்தல் இருக்கும். ஒலிப்பொறியாளர் அங்கேதான் இருப்பார். குரல், கிதார், டிரம்ஸ் ஒவ்வொன்றையும் அவர் தன் காதில் விழுவதை வைத்தே சமன் செய்கிறார். அதனால் அந்தப் பந்தலை ஒட்டிப் பின்னால் நிற்பவருக்குத்தான் இசை அது உத்தேசிக்கப்பட்ட வடிவில் கிடைக்கிறது. முன்வரிசையில் கலைஞரின் முகத்தைப் பார்க்கும் மகிழ்ச்சியை நான் மறுக்கவில்லை. ஒரு நிகழ்ச்சிக்கு முன்னால் போங்கள், அடைப்பானோடு போங்கள். ஆனால் இரு பக்கமும் தரையில் அடுக்கியிருக்கும் பெரிய ஒலிபெருக்கிகளிலிருந்தும், மைதானத்தின் நடுவே கோபுரங்களில் தொங்குபவற்றின் நேர் அடியிலிருந்தும் விலகியே இருங்கள்.

அங்கே போனதும் வேலை செய்கிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். மேடைக்கும் கூட்டத்துக்கும் இடையில் நிற்கும் காவலர்கள், கருவி தூக்குகிறவர்கள். 85 டெசிபெல் அளவை எட்டும் வேலையில் காதுப் பாதுகாப்பை அணிந்தே ஆக வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ஆம் ஆண்டு விதி. தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்குச் சட்டம் கட்டாயமாக்கியதை, ஒரு கை தூரத்தில் இந்தப் பக்கம் நிற்கும் உங்கள் தோழிகள் சிரித்து ஒதுக்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கோல்ட்பிளே குழுவின் கிறிஸ் மார்ட்டின், தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் இருவரும் தங்கள் காது இரைச்சலைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர்கள். இசையை அவர்களைவிட நேசிக்கிறவர்கள் யார்?

நான்கு நாள் விழாவில் ஓய்வும் மருந்துதான். சோர்ந்த காது தேறுவதற்கு அமைதியான மணி நேரங்கள் வேண்டும். ஒரு நாளோ இரண்டு நாளோகூட ஆகலாம். மதியம் தொடங்கி நள்ளிரவு தாண்டும் விழாவில் அவ்வளவு கிடைக்காது. இரண்டாம் நாள் காலையில் காது லேசாக மந்தமாக இருந்தால், அன்றைய சத்தம் உங்களுக்குக் குறைவாகத் தோன்றும், நீங்களும் இன்னும் முன்னால் போவீர்கள். காது கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தச் சுழலில்தான். எனவே நிகழ்ச்சி அட்டவணை வந்ததும் உட்கார்ந்து, கேட்டே ஆக வேண்டியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற நேரத்தில் மேடைகளை விட்டு வெகுதூரம் வந்துவிடுங்கள். கூடாரத்தில் நுரை அடைப்பானோடு தூங்குங்கள், பக்கத்துக் கூடாரத்தின் பாட்டுப்பெட்டி விடிய விடிய ஓடக்கூடும். நால்வரில் ஒருவராவது அடைப்பான் இல்லாமல் தூங்கட்டும், இரவில் அவசர அறிவிப்பு வந்தால் எழுப்ப ஆள் வேண்டும்.

விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சளி பிடித்த மூக்கோடு பறந்தால் இறங்கும்போது காது அடைத்து வலிக்கும். கூடாரத்தில் நான்கு இரவு கழித்தவர்களுக்குத் திரும்பும்போது சளி இருப்பது சாதாரணம். விமானம் இறங்கத் தொடங்கும்போது விழித்திருந்து, அடிக்கடி எச்சில் விழுங்குங்கள், அல்லது எதையாவது மென்றுகொண்டிருங்கள்.

கிளம்பும் முன் ஒரு கேட்புத்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், ஆடியோகிராம் என்று கேட்டால் போதும். அதற்கு முந்தைய நாள் பெரும் சத்தத்தில் இருக்க வேண்டாம். 3,000, 4,000, 6,000 ஹெர்ட்ஸ் அளவுகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், சத்தத்தின் சேதம் முதலில் தலைகாட்டுவது அந்தப் பகுதியில்தான். குறும்பி நிறைந்திருந்தால் மருத்துவரே எடுத்துவிடட்டும். நீங்கள் பட்ஸ் போட்டுக் கிண்டாதீர்கள். கிண்டி உள்ளே தள்ளிய குறும்பியை அடைப்பான் இன்னும் ஆழத்துக்கு அழுத்திவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் அங்கே ஒரு மாலை காதில் அந்தச் சத்தம் தொடங்கினால், அந்த நிகழ்ச்சியைப் பாதியிலேயே விட்டு வெளியே வாருங்கள். மனம் கேட்காது, தெரியும். ஆனாலும் வாருங்கள். மறுநாள் மைதானத்துக்குப் போகாமல் அருகிலுள்ள லூவன் நகரத்தைச் சுற்றிப் பாருங்கள், காதுக்கு ஒரு நாள் கிடைக்கும். சத்தம் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் காது மருத்துவரைப் பாருங்கள். ஒரு காது மட்டும் திடீரென்று கேட்காமல் போனாலோ, தலை சுற்றலோடு மந்தமானாலோ, ஊர் திரும்பும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றே மைதானத்து முதலுதவி நிலையத்தில் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள். திடீர்ச் செவிட்டுக்கு ஸ்டீராய்டு சிகிச்சை உண்டு, ஆனால் அதைத் தொடக்க நாட்களிலேயே ஆரம்பிக்க வேண்டும். இரண்டு வாரம் கடந்தால் பலன் மிகக் குறைவு. பயணக் காப்பீட்டுத் தாளும் எப்போதும் உடன் இருக்கட்டும்.

திரும்பி வந்து ஒரு வாரம் கழித்து அதே இடத்தில் அதே பரிசோதனையை மறுபடி செய்து, இரண்டு தாள்களையும் எனக்கு அனுப்புங்கள். அடைப்பான் வாங்கும்போது நான்கு ஜோடியாக வாங்கிவிடுங்கள். சிரிக்கும் தோழிகள் மூவரும் இரண்டாம் நாள் காலையில் உங்களிடம்தான் கேட்பார்கள்.